ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் (இயற்பெயர்: கண்ணுசாமி, 1780 – சனவரி 30, 1832) இலங்கையின் கண்டி இராச்சியத்தை ஆண்ட கடைசி அரசர் ஆவார். மதுரை நாயக்கர் வழிவந்த இவர் 1798 முதல் 1815 வரை ஆட்சி செய்தார். 1815இல் பிரித்தானியரால் பதவி நீக்கப்பட்டு, 1816இல் தமிழ்நாட்டிலுள்ள வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தப்பட்டார். வாழ்நாளின் கடைசிப் பதினாறு ஆண்டுகளையும் அங்கேயே கழித்தார்.

இவருடைய வீழ்ச்சியோடு கண்டியின் மணிமுடி, அரியணை, வாள், அரச குடும்பப் பெண்களின் பொன் அணிகலன்கள் ஆகியவையும் கைமாறின. அவற்றுள் சில கொள்ளை போயின, சில ஏலத்தில் விற்கப்பட்டன, சில இங்கிலாந்தின் அரண்மனைக்குச் சென்றன. மலைகளில் புதைத்து வைக்கப்பட்டு மீட்கப்படாத செல்வம் இன்னும் இருப்பதாக நம்பித் தேடுவோரும் உள்ளனர். இக்கட்டுரை அரசரின் வாழ்க்கையையும் அவருடைய அணிகலன்கள் சென்ற வழியையும் சேர்த்து விவரிக்கிறது.

பின்னணி

கண்டி இராச்சியம் இலங்கையின் நடுவேயுள்ள மலைநாட்டில் அமைந்திருந்தது. கரையோரப் பகுதிகள் முதலில் போர்த்துக்கேயரிடமும், பின்னர் ஒல்லாந்தரிடமும், 1796 முதல் பிரித்தானியரிடமும் இருந்தன. அடர்ந்த காடும் செங்குத்தான மலைகளும் காய்ச்சலும் அரணாக நின்றதால் கண்டி மட்டும் தனியரசாக நீடித்தது.

கண்டி அரசர்கள் சத்திரிய குலத்துப் பெண்ணையே பட்டத்தரசியாக மணக்க வேண்டும் என்பது மரபு. இதற்காக மதுரை நாயக்கர் குடும்பங்களிலிருந்து மணமகள்கள் அழைத்துவரப்பட்டனர். 1739இல் கண்டி அரசர் நேரடி வாரிசின்றி இறந்தபோது, பட்டத்தரசியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். இவரிலிருந்து கண்டியின் நாயக்கர் வம்சம் தொடங்குகிறது. இவருக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747 – 1782), ராஜாதி ராஜசிங்கன் (1782 – 1798) ஆகியோர் ஆண்டனர். தமிழும் தெலுங்கும் பேசிய இக்குடும்பத்தினர் அரசர்களான பின் பௌத்த சமயத்தின் புரவலர்களாகவும், தலதா மாளிகையின் காவலர்களாகவும் விளங்கினர்.

முடிசூட்டு

ராஜாதி ராஜசிங்கன் 1798இல் மகப்பேறின்றி இறந்தார். அப்போது அரசவையில் தலைமை அமைச்சராக, அதாவது மகா அதிகாரமாக இருந்தவர் பிலிமத்தலாவை. இறந்த அரசரின் மைத்துனர் முத்துசாமி அரியணைக்கு உரிமை கோரினார். ஆனால் பிலிமத்தலாவை, பட்டத்தரசியின் உறவினரும் சுமார் 18 வயது இளைஞருமான கண்ணுசாமியைத் தேர்ந்தெடுத்தார். அவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூட்டப்பட்டார். முத்துசாமி தப்பிச் சென்று பிரித்தானியரிடம் அடைக்கலம் பெற்றார்.

அனுபவமற்ற இளைஞரை அரசராக்கினால் ஆட்சியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது பிலிமத்தலாவையின் கணக்காக இருந்தது. அரியணையைத் தாமே அடையும் எண்ணத்துடன் அவர் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த்துடன் இரகசியப் பேச்சுகளும் நடத்தினார். ஆனால் இளம் அரசர் எதிர்பார்த்ததைப் போல அடங்கி நடக்கவில்லை.

1803ஆம் ஆண்டுப் போர்

1803இன் தொடக்கத்தில் பிரித்தானியர் கண்டியின் மீது படையெடுத்தனர். பெப்ரவரி மாதம் தளபதி மக்டொவல் தலைமையிலான படை தலைநகருக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரசரும் குடிமக்களும் வெளியேறியிருந்தனர். அரண்மனைச் செல்வமும் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டிருந்தது.

இது அச்சத்தால் நிகழ்ந்த ஓட்டமன்று, கண்டியின் பழைய போர்முறை ஆகும். எதிரி வரும்போது நகரைக் காலி செய்து, புனிதத் தந்தத்தையும் அரச சின்னங்களையும் மலைகளுக்குள் கொண்டு சென்று, மழையும் காய்ச்சலும் எதிரியை நலியச் செய்த பின் தாக்குவது கண்டியரின் வழக்கம். 1765இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றியபோதும் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இவ்வாறே மலைக்குள் பின்வாங்கினார். ஆயினும் அப்போது ஒல்லாந்தர் அரண்மனையில் எஞ்சியிருந்த பொருள்களைக் கொள்ளையிட்டுச் சென்றனர்.

1803இலும் இந்த முறை பலித்தது. பிரித்தானியர் முத்துசாமிக்கு முடிசூட்டினாலும் மக்கள் அவரை ஏற்கவில்லை. காய்ச்சலால் படைவீரர் பலர் இறந்தனர். சூன் 24 அன்று கண்டிப் படைகள் தாக்கியதில், எஞ்சியிருந்த காவற்படை மேஜர் டேவி தலைமையில் சரணடைந்து நகரை விட்டு வெளியேறியது. வெள்ளம் பெருகிய மகாவலி ஆற்றைக் கடக்க இயலாமல் கரையில் நின்ற அப்படையினர் கொல்லப்பட்டனர். முத்துசாமி பிடிக்கப்பட்டு மரண தண்டனைக்கு உள்ளானார். மேஜர் டேவி கண்டியில் கைதியாகவே இருந்து பல ஆண்டுகளுக்குப் பின் இறந்தார். இவ்வெற்றி அரசருக்கு மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆட்சியை உறுதி செய்தது.

நகர அமைப்பும் அரச பட்டறைகளும்

போருக்குப் பின் அரசர் கண்டி நகரைப் புதுப்பிப்பதில் ஈடுபட்டார். இன்று நகரின் நடுவேயுள்ள கண்டி ஏரி இவர் காலத்தில் வயல்நிலத்தில் அணை கட்டி உருவாக்கப்பட்டு 1812இல் நிறைவடைந்தது. தலதா மாளிகையின் முகப்பில் அடையாளமாக விளங்கும் பத்திரிப்புவ என்ற எண்கோண மண்டபமும் இவர் கட்டியதே. இவற்றை வடிவமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்ற அரசவைச் சிற்பி ஆவார். இப்பணிகளுக்கு இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பு பயன்படுத்தப்பட்டது. இதனால் பிரபுக்களிடையேயும் மக்களிடையேயும் மனக்கசப்பு வளர்ந்தது.

அரசருக்கான பொன் வேலைகளைச் செய்ய, பட்டல் ஹத்தர எனப்படும் நான்கு அரச பட்டறைகள் கண்டியில் இருந்தன. மணிமுடி, அரியணை, அணிகலன், பொன்வாள் ஆகிய அரச சின்னங்களைச் சுற்றி இவை அமைந்திருந்தன. பரம்பரைத் தட்டார்கள் அரசர் அளித்த நிலங்களை அனுபவித்துக்கொண்டு இப்பட்டறைகளில் பணியாற்றினர். இவர்களின் கலையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

அரியணை மட்டும் வெளியிலிருந்து வந்ததாகும். 1693இல் ஒல்லாந்தர் அதை இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அன்பளிப்பாக அளித்தனர். மரத்தின் மேல் பொன் தகடு போர்த்தி மணிகள் பதித்த இவ்விருக்கையின் கைப்பிடிகள் சிங்க வடிவில் அமைந்துள்ளன. அன்று முதல் 1815 வரை கண்டி அரசர்கள் அனைவரும் இதில் அமர்ந்தே ஆட்சி செய்தனர்.

உட்பகையும் வீழ்ச்சியும்

அரசருக்கும் பிலிமத்தலாவைக்கும் இடையிலான பகை முற்றியது. அரசரைக் கொல்லச் சதி செய்த குற்றத்திற்காக 1811இல் பிலிமத்தலாவைக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவருக்குப் பின் மகா அதிகாரமாகப் பதவியேற்ற எகலப்பொலையும் பிரித்தானியருடன் தொடர்பு வைத்திருந்தார். பிரித்தானியர் தரப்பில் இத்தொடர்புகளைப் பேணியவர் சிங்கள மொழி அறிந்த அதிகாரி ஜோன் டொய்லி ஆவார்.

1814இல் சப்பிரகமுவைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சி தோற்றதும் எகலப்பொலை பிரித்தானியரிடம் தப்பிச் சென்றார். கண்டியில் சிக்கிய அவருடைய மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அரசர் மரண தண்டனை விதித்தார். இச்செயல் அரசரின் பெயருக்கு நீங்காத களங்கமாயிற்று. அதே ஆண்டு இறுதியில், பிரித்தானியப் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் பத்துப் பேர் உளவாளிகள் என்ற ஐயத்தின் பேரில் உறுப்புகள் வெட்டப்பட்டனர். அவர்களுள் பலர் இறந்தனர். ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக் இதைக் காரணமாகக் காட்டி 1815 சனவரியில் போர் அறிவித்தார். பிரபுக்களின் ஆதரவை இழந்திருந்த அரசருக்காகப் போரிட இம்முறை பெரும்படை திரளவில்லை. பெப்ரவரி 14 அன்று பிரித்தானியர் மீண்டும் வெறுமையான கண்டி நகருக்குள் நுழைந்தனர்.

பிடிபடுதல்

அரசர் தும்பறை மலைப்பகுதியிலுள்ள மெதமகாநுவரையை நோக்கிப் பின்வாங்கினார். பெப்ரவரி 18, 1815 அன்று, சிறிய வீடொன்றில் மனைவியருடன் தங்கியிருந்தபோது அவர் பிடிபட்டார். அவரைச் சூழ்ந்தவர்கள் எகலப்பொலையின் ஆட்கள். தலைமை தாங்கியவர் எக்னெலிகொடை. பிரித்தானியப் படையினர் அவ்விடத்தில் இல்லை.

வந்தவர்கள் அரசரைக் கொடிகளால் கட்டி இழுத்தனர். பெண்கள் அணிந்திருந்த நகைகள் பறிக்கப்பட்டன. காதணிகளைப் பிடுங்கியதில் அரசியரின் காதுமடல்கள் கிழிந்ததாக அக்காலப் பதிவு கூறுகிறது. அங்கு வந்து சேர்ந்த பிரித்தானிய அரசின் மொழிபெயர்ப்பாளர் வில்லியம் அட்ரியன் டயஸ் பண்டாரநாயக்க அரசரின் கட்டுகளை அவிழ்க்கச் செய்து, மேலும் அவமதிக்கப்படாமல் காத்தார்.

மார்ச் 2 அன்று கண்டி அரச மண்டபத்தில் பிரித்தானியருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையே கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அரசர் பதவி நீக்கப்பட்டார். அவருடைய குடும்பத்தினரும் உறவினரும் அரியணை உரிமையை இழந்தனர். நான்கு நாட்களுக்குப் பின் அரசரும் குடும்பத்தினரும் கொழும்பை அடைந்து, அங்கு சுமார் பத்து மாதங்கள் காவலில் வைக்கப்பட்டனர்.

அணிகலன்களின் தேடலும் ஏலமும்

அரசர் பிடிபட்டதும் அவருடைய செல்வத்தைத் தேடும் பணி தொடங்கியது. அக்கால வழக்கப்படி, போரில் கைப்பற்றிய பொருள்களின் மதிப்பைப் படையினர் தரவரிசைப்படி பங்கிட்டுக்கொள்வர். இதற்கெனப் படை அதிகாரிகள் குழுவும் அமைக்கப்பட்டது. தும்பறைப் பகுதியிலும் பிற இடங்களிலும் புதைத்தும் மறைத்தும் வைக்கப்பட்ட பொருள்களைப் பற்றி ஊராரிடமிருந்து தகவல் திரட்டப்பட்டது. மறைத்து வைக்க உதவியவர்களே வழிகாட்டினால்தான் பொருள் கிடைக்கும் என்பதால் இத்தேடல் முழுவதும் மனிதர் அளித்த தகவலையே சார்ந்திருந்தது. காட்டிக் கொடுக்கப்பட்டவை கிடைத்தன. வழியில் பறிக்கப்பட்டவை தனியார் கைகளில் மறைந்தன.

இதற்கு 16 ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் பொன் அரியணை துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் பங்கிடப்பட்டது. அதன் புலித்தலையும் மணிகள் பதித்த பறவை உருவும் மட்டும் இன்று இங்கிலாந்து அரச சேகரிப்பில் உள்ளன. கண்டி அரியணைக்கு அந்நிலை நேரவில்லை. அது சிதைக்கப்படாமல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, வின்சர் அரண்மனையில் இடம்பெற்றது. அரச கொடியும் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.

அணிகலன்களின் ஒரு பகுதி 1820இல் லண்டனில் ஏலம் விடப்பட்டது. கண்டி அரச சின்னங்கள் என்ற பெயரில் அச்சிட்ட விலைப்பட்டியலும் வெளியிடப்பட்டது. ஏலத்தில் வாங்கப்பட்ட பொன் நகை உருக்கப்படலாம், கற்கள் பிரிக்கப்பட்டு வேறு நகைகளில் பதிக்கப்படலாம். அதன் பின் அது கண்டி நகை என்பதற்கு அந்தப் பட்டியலைத் தவிர வேறு சான்று எஞ்சுவதில்லை.

வேலூரில் சிறைவாசம்

சனவரி 24, 1816 அன்று அரசரும் மனைவியரும் உறவினரும் பணியாளரும் கார்ன்வாலிஸ் என்ற போர்க்கப்பலில் கொழும்பிலிருந்து சென்னைக்கு அனுப்பப்பட்டனர். இப்பயணத்தில் பொறுப்பாக உடன் சென்ற வில்லியம் கிரான்வில் என்ற அதிகாரி எழுதிய நாட்குறிப்பு, அரசரின் இயல்பை அருகிலிருந்து காட்டும் முக்கியமான ஆவணமாகும். சென்னையிலிருந்து அவர்கள் தரைவழியாக வேலூருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

விஜயநகரப் பேரரசின் காலத்தில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வேலூர்க் கோட்டை, அகலமான நீர் அகழியால் சூழப்பட்டது. பிரித்தானியர் அதைப் பதவி இழந்த அரச குடும்பங்களை வைத்திருக்கும் இடமாகவும் பயன்படுத்தினர். திப்பு சுல்தானின் குடும்பத்தினர் இங்குதான் காவலில் இருந்தனர். சூலை 10, 1806 அன்று நிகழ்ந்த வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் அவர்கள் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டனர். பத்தாண்டுகள் கழித்து அதே கோட்டைக்குக் கண்டி அரசர் வந்து சேர்ந்தார். அவர் வாழ்ந்த கட்டடம் கண்டி மகால் என்று அழைக்கப்படுகிறது.

அரசருக்கும் குடும்பத்தினருக்கும் உதவித்தொகை வழங்கப்பட்டது. பணியாளர்களும் அமர்த்தப்பட்டிருந்தனர். எனினும் கோட்டையை விட்டு விரும்பியபடி வெளியேறும் உரிமை இல்லை. 1817–18இல் இலங்கையின் ஊவாப் பகுதியில் வெடித்த பெருங்கிளர்ச்சியில், நாயக்கர் குடும்பத்தவர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவர் அரசராக அறிவிக்கப்பட்டார். நாடு கடத்தப்பட்ட பின்னரும் அரச மரபின் பெயருக்கு இருந்த ஈர்ப்பை இது காட்டுகிறது.

அரசரைக் காட்டிக்கொடுத்த எகலப்பொலையும் தப்பவில்லை. அவர் எதிர்பார்த்த அரியணை கிட்டவில்லை. கிளர்ச்சிக் காலத்தில் ஐயத்தின் பேரில் கைது செய்யப்பட்டு, பின்னர் மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்ட அவர் 1829இல் அங்கேயே இறந்தார்.

வேலூர் வாழ்வில் அரசருக்கு ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. அரியணை இல்லாத அந்த இளவரசருக்கு ராஜாதி ராஜசிங்கன் என்ற மூதாதையின் பெயர் சூட்டப்பட்டது. அவர் 1843இல் இறந்தார்.

மறைவும் முத்து மண்டபமும்

உடலில் நீர் கோக்கும் நோயால் பாதிக்கப்பட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சனவரி 30, 1832 அன்று வேலூரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் அமைந்துள்ளது. அரச குடும்பத்தைச் சேர்ந்த பிறரின் சமாதிகளும் அதே இடத்தில் உள்ளன. தமிழ்நாடு அரசு அவ்விடத்தில் எழுப்பிய நினைவிடம் முத்து மண்டபம் என்ற பெயரில் 1990இல் திறந்து வைக்கப்பட்டது.

பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய தோல் பதனிடும் நகரங்களைக் கடந்து வேலூரை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு மணலாகவே காணப்படும் இவ்வாறு, தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் மாசடைந்தது. இது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு, நாட்டின் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் முக்கிய இடம் பெற்றது. தோல், காலணி வணிகத்தால் அறியப்படும் இப்பகுதியில், இலங்கையின் கடைசி அரசர் அடக்கமான இடம் உள்ளது என்பதை வெளியூர்ப் பயணிகளுள் பலர் அறிவதில்லை.

அரசர் பயன்படுத்திய தந்தத்தாலான சதுரங்கப் பலகையும் நாணயங்களும் கோட்டைக்குள் உள்ள வேலூர் அரசு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அணிகலன்களோடு ஒப்பிட்டால் இவை எளிய பொருள்களே. ஆயினும் சிறை வாழ்வின் நீண்ட பகற்பொழுதுகளை நினைவூட்டுபவை என்ற வகையில் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

திரும்பி வந்த பொருள்கள்

கண்டியின் இழந்த சின்னங்களுள் முதலில் கண்டறியப்பட்டது கொடியாகும். இலங்கையின் சட்டத்தரணி ஈ. டபிள்யூ. பெரேரா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தேடி, செல்சி அரச மருத்துவமனையில் பழைய போர்ச் சின்னங்களோடு அது வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். சிங்களக் கொடிகள் பற்றிய அவருடைய நூல் 1916இல் வெளிவந்தது. வாளேந்திய சிங்கம் பொறித்த அக்கொடியே 1948இல் விடுதலை பெற்ற இலங்கையின் தேசியக் கொடிக்கு அடிப்படையாயிற்று. தமிழ் பேசும் வம்சத்தின் கடைசி அரசரிடமிருந்து கைப்பற்றப்பட்ட கொடி இவ்வாறு நாட்டுக் கொடியாகியது குறிப்பிடத்தக்கது.

1934இல் பிரித்தானிய இளவரசரான குளோசெஸ்டர் கோமகன் ஹென்றி இலங்கைக்கு வந்தபோது அரியணையும் மணிமுடியும் வாளும் திருப்பி அளிக்கப்பட்டன. இவை தற்போது 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டு சென்ற அலங்காரப் பீரங்கி, பொன் வாள் உள்ளிட்ட ஆறு பொருள்களை நெதர்லாந்து அரசு 2023இல் இலங்கைக்குத் திருப்பி அளித்தது. அருங்காட்சியக ஆய்வாளர்கள் ஆவணங்களை ஒப்பிட்டு, அவை கொள்ளையடிக்கப்பட்டவை என நிறுவியதே இதற்கு வழிவகுத்தது.

பெண்களின் காதுகளிலிருந்து பறிக்கப்பட்ட நகைகளுக்கு இத்தகைய மீட்சி இல்லை. அரச சின்னங்களைப் போலன்றி அவற்றுக்குப் பெயரும் இல்லை, படமும் இல்லை.

புதையல் நம்பிக்கையும் உலோகம் கண்டறியும் கருவியும்

கண்டி அரசர்கள் செல்வத்தை மலைகளில் மறைத்து வைத்தது வரலாற்று உண்மை. ஆதலால் மீட்கப்படாத புதையல் பற்றிய கதைகள் மலைநாட்டில் தொடர்ந்து வழங்கி வருகின்றன. முற்காலத்தில் மாந்திரீகத்தையும் பழைய ஓலைக் குறிப்புகளையும் நம்பித் தேடினர். இக்காலத்தில் உலோகம் கண்டறியும் கருவிகளும் பயன்படுத்தப்படுகின்றன.

இக்கருவியின் தத்துவம் எளியது. கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உருவாகிறது. அப்புலத்தில் உலோகம் இருந்தால் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. அவை உண்டாக்கும் இரண்டாவது காந்தப்புலத்தை ஏற்பிச் சுருள் உணர்ந்து ஒலியாக அறிவிக்கிறது. பொன் காந்தத்தால் ஈர்க்கப்படாதது எனினும் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இக்கருவிக்குப் புலப்படும். 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டைக் கண்டறிய, தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்திப் பார்த்தார். ஆனால் குண்டு கிடைக்கவில்லை. 1930களில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்கார்டு ஃபிஷர் எடுத்துச் செல்லக்கூடிய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைக் கண்டறிய இவ்வகைக் கருவிகள் பெருமளவில் பயன்பட்டன.

எனினும் இதன் ஆற்றலுக்கு எல்லை உண்டு. சாதாரணக் கருவியால் மோதிரம் போன்ற சிறு நகையை ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழம் வரையே உணர இயலும். ஆழம் கூடக்கூடச் சைகை மிக விரைவாகக் குறைந்துவிடும். இரும்புத் தாது மிகுந்த செம்மண் பொய்ச் சைகைகளைத் தரும். வயலில் நேற்று தொலைந்த சங்கிலியைத் தேடுவதற்கு இக்கருவி பொருத்தமானது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆழமாகப் புதைக்கப்பட்ட பேழைக்கு அது அவ்வளவாக உதவாது.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, உரிமமின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றமாகும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அங்கு அனுமதியின்றி அகழ இயலாது. இங்கிலாந்தில் 2009இல் ஸ்டாஃபோர்ட்ஷயர் வயலொன்றில் தனியார் ஒருவர் இக்கருவியால் பெரும் பொற்குவியலைக் கண்டறிந்தார். அவர் உடனே அறிவித்ததால் தொல்லியலாளர்கள் அவ்விடத்தை முறையாக ஆய்ந்தனர். கண்டறிந்தவருக்கும் நில உரிமையாளருக்கும் வெகுமதி கிடைத்தது. இரகசியமாகத் தோண்டி எடுக்கும் நகை பொன்னின் எடைக்கு மட்டுமே விலைபோகும். அது எங்கு, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்ற செய்தி அழிந்துவிட்டால், யாருடையது என்பதையும் பின்னர் நிறுவ இயலாது.

மதிப்பீடு

பிரித்தானிய எழுத்துகள் நீண்ட காலம் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் கொடுங்கோலராக மட்டுமே சித்தரித்தன. போரை நியாயப்படுத்த அச்சித்திரம் தேவைப்பட்டது. எகலப்பொலை குடும்பத்திற்கு அவர் விதித்த தண்டனையின் கொடுமையை எவரும் மறுப்பதில்லை. அதே வேளையில் உட்பகையும் அயலார் உளவும் சூழ்ந்த நிலையில் ஆண்ட அரசர் என்ற கோணத்தில் பிற்கால ஆய்வாளர்கள் அவரை மீளாய்வு செய்துள்ளனர். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

அவருடைய நகரமைப்பின் சான்றாகக் கண்டி ஏரியும் எண்கோண மண்டபமும் நிலைத்துள்ளன. அவருடைய அரியணையும் மணிமுடியும் கொழும்பில் உள்ளன. அவர் கடைசியாக வாழ்ந்த கண்டி மகாலை வேலூர்க் கோட்டையிலும், அவருடைய சமாதியைப் பாலாற்றங்கரையிலும் காணலாம். சனவரி 30ஆம் நாளில் அவர் வழிவந்தோர் முத்து மண்டபத்தில் கூடி அஞ்சலி செலுத்துவதுண்டு.